நந்தினியின் வழக்கும் கரிகாலனின் துயரமும்

கல்கியின் நாவலுக்குத் தலைப்பான 'பொன்னியின் செல்வன்' என்ற பெயர் அருள்மொழிவர்மனுக்கு உரியது. நாவல் முழுக்கக் குதிரையேறி அலைந்து கதையை நகர்த்துபவன் வந்தியத்தேவன். சோழ அரசியலின் இழைகளைக் கையில் பிடித்திருப்பவள் குந்தவை. இருந்தும் ஐந்து பாகங்களையும் படித்து முடித்தவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பேச்சு வெகு சீக்கிரம் வேறு இருவரிடம் போய்ச் சேரும். ஒருத்தி பழுவூர் இளையராணி நந்தினி. மற்றவன் பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன். நந்தினி பழிதீர்க்கவென்றே வாழ்பவள். தன்னை உயிராக நம்பிய கிழக்கணவரை ஏமாற்றுகிறவள். கரிகாலன் முன்கோபி, காயம்பட்டுக் கிடந்த எதிரியின் தலையை, ஒரு பெண் காலில் விழுந்து கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே வெட்டியவன். இருவரையும் நல்லவர் என்று சொல்ல நாக்கு எழாது. கெட்டவர் என்று ஒதுக்கவும் மனம் வராது.

உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டு, நன்மைக்கும் தீமைக்கும் நடுவில் நிற்கும் இத்தகைய பாத்திரங்கள்மீது வாசகருக்குள்ள மோகம் உலகம் அறிந்தது. 1812இல் பைரன் 'சைல்ட் ஹெரால்டு' கவிதையின் முதல் பகுதிகளை வெளியிட்டபோது ஐரோப்பாவே அந்த வாடிய முக நாயகனிடம் மயங்கியது. 1840இல் ரஷ்யாவில் லெர்மொன்தவ் பெச்சோரினைப் படைத்தார். 1847இல் எமிலி பிராண்டி 'வுதரிங் ஹைட்ஸ்' நாவலில் ஹீத்கிளிஃப்பை உருவாக்கினார். மூவரும் இன்றும் படிக்கப்படுகிறார்கள். ஆகவே ஈர்ப்பு இருக்கிறதா என்பதில் வாதத்துக்கு இடமில்லை. அந்த ஈர்ப்பு எதனால் வருகிறது, எப்போது அது இலக்கியத்தின் வெற்றி, எப்போது வாசகரின் ஏமாற்றம் என்பதே எடைபோட வேண்டிய கேள்வி. நந்தினியையும் கரிகாலனையும் வைத்து அதைச் செய்வது தமிழ் வாசகருக்குப் பொருத்தமாக இருக்கும். ஏனென்றால் இந்த இருவரிடமும் நாம் மூன்று தலைமுறையாக மயங்கிக் கிடக்கிறோம்.

செப்பேட்டில் பெருமை, நாவலில் குற்றம்

முதலில் கல்கியின் கையில் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். ராஜேந்திர சோழன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு, ஆதித்த கரிகாலன் பாண்டியனின் தலையைத் தன் நகரில் வெற்றித்தூணாக நிறுத்தினான் என்று கூறிவிட்டு, பிறகு அவன் விண்ணுலகம் காணும் விருப்பத்தோடு மறைந்தான் என்கிறது. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பாண்டியனைத் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரை அது பெயர் சொல்லிக் குறிக்கிறது. அவர்களுடைய உறவினரின் நிலங்கள் பறிக்கப்பட்டதையும் பதிவுசெய்கிறது. கொலைக்குக் காரணம் என்ன என்பதை அது சொல்லவில்லை. வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி, அடுத்து அரியணை ஏறிய உத்தம சோழன்மீது ஐயம் கொண்டார். வேறு ஆய்வாளர்கள் அதை மறுத்தார்கள். இந்த ஆவணங்களில் நந்தினி என்று ஒரு பெண் இல்லை. கல்வெட்டு மௌனமாக இருக்கும் இடத்தில் கல்கி கற்பனையால் உருவாக்கி நிறுத்தியவள் அவள்.

அந்தக் காலத்தில் தலைகொள்வது அரசர்களின் விருது. அந்தப் பாண்டியனான வீரபாண்டியனே தன் கல்வெட்டுகளில் 'சோழன் தலைகொண்ட' என்ற பட்டத்தோடுதான் காணப்படுகிறான். சோழன் பதிலுக்குப் பாண்டியனைத் தலைகொண்டான். இரு தரப்பு மெய்க்கீர்த்தியிலும் அந்தச் செயலுக்கு வெட்கம் கிடையாது. கல்கி செய்த பெரிய காரியம் இங்கேதான் இருக்கிறது. செப்பேடு வெற்றித்தூண் என்று பாடிய அதே செயலை அவர் ஒரு குடிசைக்குள் கொண்டுபோய் வைத்தார். குற்றுயிராகக் கிடக்கும் ஒரு மனிதனையும், அவன் உயிருக்காக மன்றாடும் ஒரு பெண்ணையும், அவளை ஒரு காலத்தில் காதலித்த இளவரசனையும் அந்தச் சிறிய இடத்தில் நிறுத்தினார். பெருமையாக இருந்தது அங்கே குற்றமாகிவிட்டது. வெட்டியவனுக்கே அது குற்றமென்று தெரிந்துவிட்டது. சோழப் பெருமிதத்தைக் கொண்டாடவே எழுதப்பட்டதாகப் பலர் கருதும் நாவலின் அடித்தளத்தில் ஒரு சோழனின் அநியாயம் புதைந்திருக்கிறது. நந்தினியின் கவர்ச்சியும் கரிகாலனின் கவர்ச்சியும் அந்த ஒரு நிகழ்ச்சியிலிருந்தே கிளைக்கின்றன.

ஈர்ப்பின் மூன்று வேர்கள்

முதல் வேர் தொடர்கதை என்ற வடிவம். 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் வாரம்தோறும் வந்த கதை இது. அடுத்த இதழ் வரை வாசகரைக் காத்திருக்க வைக்க ரகசியம் வேண்டும். ரகசியம் வேண்டுமானால் அதை மறைத்து வைத்திருக்கும் ஆள் வேண்டும். நந்தினியின் மூடுபல்லக்கு அந்தத் தேவையின் சரியான உருவம். உள்ளே இருப்பது ராணியா, அரியணைக்குப் போட்டியிடும் மதுராந்தகனா என்பதே தொடக்க அத்தியாயங்களில் ஒரு புதிர். அவள் தன் கணவர் பெரிய பழுவேட்டரையரிடம் ஒரு கதை சொல்கிறாள், கடம்பூர்ச் சம்புவரையரின் மகன் கந்தமாறனிடம் இன்னொன்று, கரிகாலனின் நண்பன் பார்த்திபேந்திரனிடம் வேறொன்று, வந்தியத்தேவனிடம் மற்றொன்று. வாசகர் அவற்றையெல்லாம் சேர்த்துவைத்துப் பார்த்து உண்மையைத் தேடவேண்டியிருக்கிறது. இந்தத் தேடலின் சுவை பெரிது. ஆனால் இது எழுத்தாளரின் தொழில்நுட்பம். பாத்திரத்தின் ஆழம் என்று இதை எண்ணிவிடக் கூடாது. துப்பறியும் கதையின் கொலைகாரனும் இதே சுவையைத் தருவான். புத்தகத்தை மூடியதும் மறந்துபோவான்.

இரண்டாம் வேர் முழுமையான நன்மையின் குறைபாடு. அருள்மொழி அன்பானவன், வீரன், கருணையுள்ளவன், மக்கள் போற்றுபவன். அவனை மதிக்கிறோம். அவன் அடுத்து என்ன செய்வான் என்பதில் நமக்கு ஐயமே எழுவதில்லை, நல்லதைத்தான் செய்வான். இறுதியில் மணிமகுடத்தை விட்டுக்கொடுப்பது மகத்தான செயல்தான். ஆனால் அதைச் செய்வதற்கு முன் அவன் மனம் எவ்வளவு போராடியது என்பது நமக்கு அதிகம் தெரிவதில்லை. கரிகாலனிடமும் நந்தினியிடமும் போராட்டம்தான் வாழ்க்கை. நம் வாழ்க்கையும் அருள்மொழியின் வாழ்க்கையைப் போல இல்லை. செய்ததற்கு வருந்தியும், வருந்திக்கொண்டே அதையே மறுபடி செய்தும் கழிகிறது. ஆகவே நம் மனம் தன்னை ஒத்தவர்களிடம் போய் ஒட்டிக்கொள்கிறது. இந்த வேர் நேர்மையானது. இலக்கியத்தின் அடிப்படைத் தேவை ஒன்றை இது நிறைவேற்றுகிறது.

மூன்றாம் வேரில்தான் ஆபத்து. இத்தகைய பாத்திரத்தின் உள்மனத்தைக் கதையில் உள்ள மற்றவர்கள் பார்ப்பதில்லை, நாம் பார்க்கிறோம். கரிகாலனின் சுடுசொல்லைக் கேட்டு மற்றவர்கள் நடுங்கும்போது, அதன் கீழே எரியும் துயரம் நமக்குத் தெரியும். ஊரெல்லாம் மோகினி என்று தூற்றும் நந்தினியின் புண் நமக்குத் தெரியும். 'எனக்கு மட்டுமே இவளைப் புரிகிறது' என்ற நெருக்கம் பிறக்கிறது. அந்த நெருக்கம் மெல்ல மன்னிப்பாக மாறுகிறது. யார் சார்பில் மன்னிக்கிறோம் என்று அப்போது நாம் கேட்டுக்கொள்வதில்லை. காயம் பட்டவர்கள் வேறு யாரோ. மன்னிக்கும் உரிமை அவர்களுடையது. புத்தகம் படித்த காரணத்தால் அதை நாம் எடுத்துக்கொள்ள முடியாது.

எந்த அளவுகோல்?

ஆகவே இரண்டு சோதனைகளை வைக்கிறேன். ரகசியம் வெளிப்பட்ட பிறகும் பாத்திரம் நிற்கிறதா என்பது முதல் சோதனை. அந்தப் பாத்திரத்தால் துன்புற்றவர்களை, அதன் துயரத்தைக் காட்டிய அதே அக்கறையோடு படைப்பு காட்டுகிறதா என்பது இரண்டாவது. குற்றவாளி தண்டனை பெற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கதையில் பாவத்தின் சம்பளத்தை எண்ணிக் கொடுப்பது இலக்கியத்தின் வேலை ஆகாது. பாதிக்கப்பட்டவரின் முகம் தெரிய வேண்டும் என்பது மட்டுமே என் கோரிக்கை.

'வுதரிங் ஹைட்ஸ்' இந்த இரண்டாம் சோதனையில் வெல்கிறது. ஹீத்கிளிஃப்பைக் காதல் நாயகனாகக் கனவு கண்டு வீட்டைவிட்டு ஓடிவந்த இசபெல்லா, தான் பட்ட கொடுமையைக் கடிதமாகத் தானே எழுதுகிறாள். தன்னைக் கதைப்புத்தக நாயகனாக அவள் நினைத்துக்கொண்டு வந்ததை ஹீத்கிளிஃப்பே ஏளனம் செய்கிறான். அவனிடம் மயங்கும் வாசகிக்கு நாவலுக்குள்ளேயே ஒரு முன்னோடியை வைத்து, அவள் கதியையும் எமிலி பிராண்டி காட்டிவிடுகிறார். லெர்மொன்தவும் அப்படியே. கடத்திவரப்பட்ட பேலாவின் சாவும், மேரி என்ற இளம்பெண் பட்ட அவமானமும் பெச்சோரினின் அழகிய சலிப்புக்குப் பின்னால் மறைந்துவிடுவதில்லை. 1841இல் இரண்டாம் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில், அவன் தன் தலைமுறையின் குறைகளெல்லாம் திரண்ட உருவம் என்று ஆசிரியர் வெளிப்படையாகவே கூறினார்.

நம் மரபில் இதற்கு எதிரான உதாரணமும் உண்டு. கர்ணன் மீது தமிழருக்கு உள்ள பாசம் அளவிட முடியாதது. தாயால் கைவிடப்பட்டவன், பிறப்பைச் சொல்லி அவமதிக்கப்பட்டவன், கொடையில் நிகரில்லாதவன், செஞ்சோற்றுக் கடனுக்காக உயிர் துறந்தவன். எல்லாம் உண்மை. ஆனால் கௌரவர் சபையில் திரௌபதியை இழிமொழி பேசி, அவள் ஆடையைக் களையச் சொன்னவனும் அவனே. மகாபாரதம் அதை மறைக்கவில்லை. கர்ணனைப் போற்றும் நம் பேச்சும் மேடையும்தான் அந்தக் காட்சிக்கு வரும்போது வேகமாகக் கடந்துபோகின்றன. கர்ணனின் கண்ணீரை நினைவில் வைத்துத் திரௌபதியின் கண்ணீரை மறப்பது இரக்கம் ஆகாது. இரக்கம் பாதியில் நின்றுபோனதன் அடையாளம் அது. இந்த மறதி நமக்குள் இருப்பதால்தான் நந்தினியையும் கரிகாலனையும் கவனமாக எடைபோட வேண்டியிருக்கிறது.

கரிகாலன்: துயரம் பிராயச்சித்தமா?

கரிகாலனின் ரகசியத்தைக் கல்கி நீண்டநாள் பூட்டி வைக்கவில்லை. முதல் பாகம் முடிவதற்குள்ளேயே, மாமல்லபுரத்தில் அவன் பார்த்திபேந்திரனிடம் மனம் திறந்துவிடுகிறான். சிறுவயதுக் காதல், பிரிவு, போர், குடிசை, வெட்டப்பட்ட தலை எல்லாம் நமக்குத் தெரிந்துவிடுகின்றன. இன்னும் நான்கு பாகங்கள் மீதமிருக்கின்றன. அவனைத் தாங்கி நிறுத்த இனி மர்மம் கிடையாது. செய்ததை அறிந்தவனாக அவன் எப்படி வாழ்கிறான் என்பதுதான் அவனைத் தாங்க வேண்டும். இந்தத் துணிவுக்காகக் கல்கியைப் பாராட்ட வேண்டும். முதல் சோதனையில் கரிகாலன் தேறிவிடுகிறான். சிறுவயதிலேயே சேவூர்ப் போர்க்களத்தில் புகழ்பெற்றவன், இப்போது தன் மனத்தோடு போரிட்டுத் தோற்றுக்கொண்டே இருக்கிறான். காஞ்சியில் தந்தைக்காகப் பொன்மாளிகை கட்டுகிறான். நோயுற்ற தந்தை அங்கே வரப்போவதில்லை. கட்டுகிறவனுக்கும் அதில் இருக்கக் கொடுத்துவைக்கவில்லை. அவன் துயரத்தில் பாசாங்கு இல்லை.

ஆனால் அந்தத் துயரம் அவனை எங்கே கொண்டுபோகிறது? பாண்டிய நாட்டோடு பகை தணிய அவன் ஒரு அடி எடுத்துவைத்ததாகத் தெரியவில்லை. தன்னால் காயம்பட்டவளுக்கு என்ன செய்ய முடியும் என்று அவன் அமைதியாக யோசித்ததாகவும் தெரியவில்லை. கடம்பூருக்குப் போகாதே என்று குந்தவையும் முதன்மந்திரி அநிருத்தரும் வந்தியத்தேவன் மூலம் சொல்லியனுப்புகிறார்கள், தெரிந்தே போகிறான். விருந்து வைத்த சம்புவரையரைக் குத்தலாகப் பேசி நடுங்க வைக்கிறான். நந்தினியின் கையால் சாவதே விடுதலை என்பதைப் போல அவள் முன்னால் போய் நிற்கிறான்.

கழுத்தை நீட்டுவது பெருந்தன்மை போலத் தோன்றும். வாசகரில் பெரும்பாலோர் அந்தக் காட்சியில் கரைந்துபோகிறார்கள். நிதானமாகப் பார்த்தால் அதில் ஒரு தன்னலம் தெரியும். அவன் தனி மனிதன் அல்ல, பட்டத்து இளவரசன். அவன் சாவு ஒரு நாட்டை உள்நாட்டுப் போரின் விளிம்புக்கு இழுக்கிறது. உயிரைக் கொடுத்துக் காக்க வந்த நண்பன் வந்தியத்தேவன் கொலைப்பழியோடு பாதாளச் சிறைக்குப் போகிறான். கடம்பூர் மாளிகை எரிகிறது. சம்புவரையர் குடும்பம் சிதைகிறது. தன் மனவேதனை ஒன்றே உலகத்தின் மையம் என்று எண்ணியவனால் மட்டுமே இத்தனை பேரையும் மறந்து சாவைத் தேடிப்போக முடியும். வருந்துவது வேறு, பிராயச்சித்தம் வேறு. செய்த தீங்கு எவ்வளவு பெரியதோ அவ்வளவு நேரம் அழுதுவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை, இருண்ட நாயகர்கள் எல்லோருக்கும் பொதுவான நோய். அவர்களைப் படிக்கும் நமக்கும் அது எளிதில் தொற்றிக்கொள்கிறது.

கல்கி இதை உணர்ந்திருந்தார் என்பதற்குக் கதையின் அமைப்பே சான்று. கரிகாலன் இறந்ததோடு அவர் திரையைப் போட்டுவிடவில்லை. ஐந்தாம் பாகத்தின் கணிசமான பகுதி அந்தச் சாவின் விளைவுகளைச் சுமக்கிறது. யார் கையால் இளவரசன் இறந்தான் என்பதை அவர் ஐயத்துக்கு இடமாகவே விட்டிருப்பதும் இந்த நோக்கில் பொருளுள்ளது. வந்தியத்தேவன்மீது பழி விழுகிறது. அவனைக் காப்பாற்ற, சம்புவரையர் மகள் மணிமேகலை தானே கொன்றதாகச் சொல்கிறாள். பெரிய பழுவேட்டரையரும் குற்றத்தைத் தன் தலையில் ஏற்கிறார். ஒருவனின் மனப்புழுக்கத்தால் எத்தனை பேர் பழி சுமக்க நேர்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

நந்தினி: நியாயமுள்ள பகை

நந்தினியிடம் கரிகாலனிடம் இல்லாத ஒன்று உண்டு. அவளிடம் ஒரு வழக்கு இருக்கிறது. பழையாறையில் அரச குடும்பத்துப் பிள்ளைகளோடு பழகி வளர்ந்தவள், அங்கிருந்து விலக்கப்பட்டாள். இளவரசனின் காதல் அவளுக்கு உரியதல்ல என்று பெரியவர்கள் முடிவுசெய்தார்கள். அவளிடம் யாரும் காரணம் சொல்லவில்லை. பிறகு அவள் யாருக்காக உயிர்ப்பிச்சை கேட்டாளோ அந்த ஒரே மனிதனை அதே இளவரசன் அவள் கண்ணெதிரே கொன்றான். இந்த வழக்குக்குச் சோழ அரசவையில் நீதிபதி கிடையாது. குற்றம் செய்தவனே அடுத்த அரசன்.

திருப்புறம்பியம் பள்ளிப்படையில் நள்ளிரவில் ஒரு சிறுவனைப் பாண்டிய மன்னனாக அமர்த்தி, பாண்டிய குலத்து வாளைக் கையில் ஏந்தி அவள் நிற்கும் காட்சி இதனால்தான் வலிமை பெறுகிறது. சோழர் புகழ் பாடும் நாவலில், அந்தப் புகழின் விலையைத் தோற்றவர் பக்கம் நின்று கேட்கும் பெருங்குரல் அவளுடையது. குந்தவையின் விவேகத்தையும் அருள்மொழியின் கருணையையும் நாம் ரசித்துக்கொண்டிருக்கும்போது, அந்த மாளிகை எதன்மேல் கட்டப்பட்டது என்று அவள் இருப்பே கேட்டுக்கொண்டிருக்கிறது. அவளை நீக்கிவிட்டால் 'பொன்னியின் செல்வன்' அழகான வெற்றிக் கதையாகச் சுருங்கிவிடும். ரகசியங்கள் எல்லாம் அவிழ்ந்த பிறகும் அவள் நிற்பதற்கு இந்த நியாயமே காரணம்.

அவளால் துன்புற்றவர்களையும் கல்கி விட்டுவிடவில்லை. பெரிய பழுவேட்டரையரைப் பாருங்கள். உடம்பில் அறுபத்துநான்கு விழுப்புண் தாங்கிய மாவீரர், முதுமையில் கொண்ட ஆசையால் ஊர் நகைக்கும் பொருளாகிறார். இந்த நிலையில் உள்ள கிழவரைக் கோமாளியாக்கிவிடுவது எந்த எழுத்தாளருக்கும் எளிது. தொடக்கத்தில் கல்கியும் சற்று அந்தப் பக்கம் சாய்கிறார். ஆனால் கொள்ளிடத்து வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டுப் பிழைத்து, மனைவியின் சதியைத் தன் காதாலேயே கேட்ட பிறகு, அவர் வேறு மனிதராக எழுகிறார். அவரது காதல் முட்டாள்தனம் என்ற நிலையிலிருந்து சோகம் என்ற உயரத்துக்கு ஏறுகிறது. கடைசியில் அவர் தம் தவற்றை எல்லோர் முன்னும் ஒப்புக்கொண்டு தம்மைத் தாமே தண்டித்துக்கொள்ளும்போது, நந்தினியின் பழியுணர்ச்சி யாரைத் தின்றது என்பது நமக்குத் தெரிகிறது. நந்தினிமேல் கொண்ட இரக்கத்தை இழக்காமலேயே இவருக்காகவும் நெஞ்சு வலிக்கிறது. இரண்டு வலியையும் ஒரே நேரத்தில் தாங்கவைப்பதுதான் இத்தகைய பாத்திரங்களின் உயர்ந்த பயன்.

மணிமேகலை இன்னும் பெரிய சான்று. சம்புவரையர் மகள், கந்தமாறனின் தங்கை, சூதறியாத பெண். கரிகாலனைக் கடம்பூருக்கு வரவழைக்க அவள் கல்யாணப் பேச்சே தூண்டிலாகிறது. பெரியவர்களின் பகையிலும் காதலிலும் அவளுக்குப் பங்கில்லை. விலையை மட்டும் அவள் கொடுக்கிறாள். மனம் பேதலித்து, வந்தியத்தேவன் மடியில் உயிர் விடுகிறாள். அருள்மொழியின் தியாகத்தைப் போற்றும் பாகத்தின் இறுதி அத்தியாயத்தைக் கல்கி இந்தப் பெண்ணின் சாவுக்குக் கொடுத்தார். மாபெரும் நாவலின் கடைசிப் பக்கங்களை முடிசூட்டு விழாவுக்குக் கொடுக்காமல், மற்றவர்களின் ஆட்டத்தில் நசுங்கிய ஒருத்திக்குக் கொடுத்தது சாதாரணத் தேர்வு அல்ல.

இத்தனையும் சொன்ன பிறகு குறைகளையும் சொல்ல வேண்டும். முதல் குறை, எடைக்கற்கள் இருவருக்கும் ஒன்றாக இல்லை. கரிகாலனின் கொடுமைக்குக் கதைசொல்லி 'வேதனை' என்று பெயர் வைக்கிறார்; நந்தினியின் வேதனைக்கு நஞ்சு, நாகம், மோகினி என்ற சொற்கள்தாம் திரும்பத் திரும்ப வருகின்றன. 'நஞ்சினும் கொடியாள்' என்றே ஓர் அத்தியாயத்துக்குத் தலைப்பு. வாளால் வெட்டியவன் துயர நாயகன், வெட்டப்பட்டவனுக்காகப் பழிவாங்க எழுந்தவள் விஷம் என்றால் அந்தத் தராசு நேரானதல்ல. இரண்டாவது, அவளுடைய செயல்திறன் முழுவதும் அழகின் வழியாகவே நடக்கிறது. குந்தவைக்கு அறிவை ஆயுதமாகக் கொடுத்த கல்கி, நந்தினிக்குக் கண்ணையும் சிரிப்பையுமே பெரிதும் கொடுத்தார். இத்தனை பெரிய சதியை நடத்துகிறவளின் மூளை நமக்குக் காட்சியாகக் கிடைப்பது குறைவு.

மூன்றாவது குறை எனக்கு மிகவும் உறுத்துவது. நந்தினியின் பிறப்பு பற்றிய புதிர் கடைசிவரை நீள்கிறது. ஊமைராணி மந்தாகினியின் மகளா, கரிகாலனின் தந்தை சுந்தர சோழருக்கு உறவா, வீரபாண்டியனுக்கு மகளா என்று ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். தொடர்கதைக்கு இது நல்ல தீனி. அறத்துக்கு இது நட்டம். அவள் வீரபாண்டியனுக்கு என்ன உறவாக இருந்தால் என்ன? காயம்பட்டவனைக் கொல்லாதே என்று ஒரு பெண் கெஞ்சினாள், அவன் கேட்கவில்லை. வழக்கு அதோடு முழுமையாகிவிட்டது. பிறப்பின் முடிச்சை அவிழ்ப்பதில் வாசகரின் கவனம் திரும்பத் திரும்ப இழுக்கப்படும்போது, குற்றத்தின் எளிய உண்மை மங்குகிறது. நியாயத்துக்கு ரத்த உறவைச் சாட்சியாகத் தேடுவது அந்த நியாயத்தைக் குறைத்துவிடுகிறது.

கொலைக்குப் பிறகு அவள் கதையிலிருந்து விலகிப்போவதையும் குறையென்று சொல்வார்கள். நான் அதில் பாதிதான் உடன்படுகிறேன். அவள் செய்ததற்கு அவள் வாயிலிருந்தே கடைசிக் கணக்கு வந்திருந்தால் பாத்திரம் இன்னும் உயர்ந்திருக்கும். ஆனால் அரியணைச் சிக்கல் தீர்ந்த பிறகும் அவள் தொடுத்த வழக்கு தீர்ப்பில்லாமல் நிற்கிறது. சோழநாடு மகிழ்ச்சியில் திளைக்கும்போதும் அந்தப் பாக்கி கண்ணில் படுகிறது. அது நாவலுக்குக் கிடைத்த லாபம்.

திரையில் நேர்ந்தது

மணிரத்னத்தின் படம் 2022 செப்டம்பர் 30இலும் 2023 ஏப்ரல் 28இலும் இரண்டு பாகங்களாக வந்தபோது இந்த இருவரின் ஈர்ப்பு புதிய தலைமுறைக்குப் போய்ச் சேர்ந்தது. விக்ரமின் கரிகாலன் உறங்காத கண்களோடு வந்து படத்தின் உணர்ச்சிச் சுமையைத் தாங்கினான். ஐசுவரியா ராயின் நந்தினி அமைதியாலேயே அச்சுறுத்தினாள். இரண்டாம் பாகம் அவர்களுடைய இளமைக் காதலோடு தொடங்குகிறது. கதையின் அச்சாணியே அந்தக் காதல்தான் என்று படம் தீர்மானித்துவிட்டது. நடிப்பிலும் காட்சியிலும் அதற்குப் பலன் கிடைத்தது.

ஐந்து பாகங்களை இரண்டு படங்களில் அடக்க வெட்டாமல் முடியாது. ஆனால் எதை வெட்டினார்கள் என்பது முக்கியம். மணிமேகலை படத்தில் இல்லை. காதலரின் துயரம் பெரிதாகத் தெரிய, அந்தத் துயரத்தால் அழிந்த பெண் இடத்தைக் காலிசெய்துவிட்டாள். இதன் விளைவாகக் கரிகாலன் யாருக்கும் பெரிதாகத் தீங்கு செய்யாமல் தனக்குள்ளேயே எரிந்துபோன காதலனாக மாறிவிடுகிறான். பார்வையாளர் குற்ற உணர்ச்சியின்றி அவனுக்காக அழ முடிகிறது. நாவல் நமக்கு இந்தச் சலுகையைத் தரவில்லை. என் இரண்டாம் சோதனையில் படம் பின்தங்குவது இந்த இடத்தில்தான்.

இரண்டு மறுப்புகள்

இங்கே ஒருவர் மறுக்கலாம்: 'கலையை அறத்தராசில் நிறுத்தாதீர்கள். அழகு இருந்தால் போதும்.' இந்த மறுப்பில் உண்மை உண்டு. நீதி சொல்லக் கதையை வளைத்த எழுத்தெல்லாம் செத்துப்போயிருக்கிறது. ஆனால் பாதிக்கப்பட்டவரின் முகத்தைக் காட்டு என்பது கலைக்கு வெளியே இருந்து வரும் கட்டளை அல்ல. பழுவேட்டரையரும் மணிமேகலையும் இல்லாத நந்தினி கலையழகிலும் குறைந்தவளாகத்தான் இருப்பாள். எதிர்ப்பக்கத்தில் எடை இல்லாதபோது நம் மனம் இரண்டுபட வேண்டிய அவசியம் எழுவதில்லை. இரண்டுபடாத இடத்தில் இந்தப் பாத்திரங்களுக்கே உரிய சுவையும் இல்லை. இங்கே அறக்குறையே கலைக்குறையாகிறது.

இன்னொரு மறுப்பு: 'வாசகர் குழந்தை அல்ல, கதையில் கொலைகாரனை ரசிப்பவர் தெருவில் கொலைகாரனை ரசிப்பதில்லை.' சரிதான். ஆயினும் இரக்கம் ஒரு பழக்கம். யாருக்காக அழுகிறோம் என்பதைக் கதைகள் நமக்குப் பழக்குகின்றன. அழகாகத் துயரப்படத் தெரிந்தவனுக்கே இரக்கம் காட்டிப் பழகிவிட்டால், வாய் பேசத் தெரியாமல் துன்பப்படுபவர் நம் கண்ணில் படாமல் போவார். வீட்டில் கோபக்காரத் தகப்பனின் 'உள்ளே உள்ள நல்ல மனசை' ஊரே புகழ்ந்துகொண்டிருக்கும்போது, அடிவாங்கிய பிள்ளையைக் கேட்பார் இல்லாமல் போவது நாம் அறியாத காட்சியா? கதையில் கற்ற மன்னிப்பு அங்கேயும் வேலை செய்கிறது.

தீர்ப்பு

இருண்ட மனிதர்கள்மேல் நமக்கு வரும் ஈர்ப்பை வெட்கப்பட்டு மறைக்க வேண்டியதில்லை. தீமை செய்தவருக்கும் உள்ளம் உண்டு என்று அறிவது மனிதரைப் பெரியவராக்கும் அறிவு. அந்த அறிவைப் பெரிய அளவில் தமிழ் வாசகருக்குக் கொண்டுசேர்த்தவை நந்தினி, கரிகாலன் என்ற இரண்டு பாத்திரங்கள். கரிகாலன் துயரத்தின் உண்மையால் நிற்கிறான். அந்தத் துயரத்தைக் கொண்டு அவன் ஒன்றையும் சீர்செய்யவில்லை என்பதால் இரண்டாம் இடத்தில் நிற்கிறான். நந்தினி, கதைசொல்லியின் சாய்ந்த சொற்களையும் பிறப்புப் புதிரையும் மீறி, தன் வழக்கின் நியாயத்தால் முதலிடத்தில் நிற்கிறாள். இருவரையும் உயர்த்தியது அவர்களுடைய மர்மமோ அழகோ அல்ல. அவர்களால் நொறுங்கிய மனிதர்களைக் கல்கி கைவிடாமல் இறுதிவரை நம் முன் நிறுத்தியதுதான். குறைகளோடும் 'பொன்னியின் செல்வன்' இந்தச் சோதனையில் தேறுகிறது. படம் பாதி வழியில் நின்றுவிடுகிறது.

வாசகருக்கு ஒரு வேண்டுகோள். இனி எந்தக் கதையிலாவது ஒரு இருண்ட நாயகனோ நாயகியோ உங்கள் நெஞ்சைப் பறித்தால், தயங்காமல் கொடுங்கள். பிறகு அந்தக் கதைக்குள் அவர்களுடைய மணிமேகலை யார் என்று தேடுங்கள். அவள் முழு உருவத்தோடு இருந்தால் அந்த எழுத்தாளரை நம்பலாம். அவள் இல்லையென்றால், நீங்கள் சிந்திய கண்ணீரில் பாதி வேறொருவருக்கு உரியது.